கப்பலில் வந்த பெட்டிக்குப் பொட்டு

மாமே,

சந்தனமும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை வந்தாலே உன் திட்டு காதில் கேட்கிறது. இன்று ஆயுத பூஜை. அம்பத்தூரில் உன் பம்பு பட்டறையில்தான் நிற்கிறேன்.

வருஷா வருஷம் சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு லேத்துக்கு, டிரில்லுக்கு, என் வழுக்கைக்குக்கூடப் பொட்டு வைப்பாய். வெளிநாட்டுச் சாமான் என்றால் மட்டும் கையை மடக்கிக்கொள்வாய். "விருந்தாளிக்கு இன்னாத்துக்குடா பொட்டு?"

"அப்போ உன் கையில கீற வாட்ச்சு? அதுவும் கப்பல்ல வந்ததுதானே மாமே?" என்று ஒருமுறை சீண்டினேன். உடனே கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டாய். அன்று பொழுதுக்கும் என்னிடமே மணி கேட்டு உயிரை வாங்கினாய்.

பம்புக்கு வேண்டிய பேரிங்கை உள்ளூர்க்காரர் ஒருவரிடம்தான் வாங்குவாய். அந்தப் பெட்டிக்குத்தான் முதல் பொட்டு. "நாம வாங்கினாதான்டா அவன் செய்வான்" என்பாய். அதில் தப்பில்லை. கண்ணை மூடும்போது, கப்பல் சரக்கு வாங்கமாட்டேன் என்று மகளிடம் சத்தியம் வாங்கி, என்னைக் காவலுக்கும் வைத்துவிட்டுப் போனாயே, அதுதான் தப்பு.

இப்போது நூம்பல், மாங்காடு பக்கமெல்லாம் அடுக்குமாடி. ஒவ்வொன்றுக்கும் பம்பு வேண்டும். ஆர்டர் இரண்டு மடங்கு. பேரிங்காரரோ பாதிதான் தரமுடியும், மீதி பொங்கலுக்கு அப்புறம் என்றுவிட்டார். ஆர்டர் கொடுத்தவருக்கு இந்த மாதமே வேண்டும். இல்லாவிட்டால் வேறு இடம் போவார். போனால் பட்டறையில் எட்டுப் பேருக்கு வேலை இல்லை.

"அப்பாவுக்கு சத்தியம் பண்ணிக்கீறேன் மாமா. நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றாள், இப்போது பட்டறையை நடத்தும் உன் மகள்.

எனக்கு வந்த கோபத்தில் பேரிங்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் சிரிக்கிறார். "பெர்சு, என் இரும்பே எப்பவும் கப்பல்லதான் வந்துகினு கீது. நான் ஜாஸ்தி செஞ்சா அதுவும் ஜாஸ்தியா வரும்."

கேட்டாயா? இத்தனை வருஷம் நீ முதல் பொட்டு வைத்ததே விருந்தாளிக்குத்தான். இங்கே அதிகம் செய்தால் அங்கிருந்து வருவது குறையும் என்று என்னையும் நம்பவைத்தாயே! செய்யச் செய்ய அதுவும் கூடத்தான் கூடுகிறது. யாரிடம் போய்க் கத்துவது? நீதான் செத்துத் தப்பித்துக்கொண்டாயே.

"பாதி அவர்கிட்ட, பாதி கப்பல்ல வாங்கிக்கம்மா. உங்கப்பன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன். அந்தப் பேச்சுதான் இது.

பெட்டி நேற்று வந்தது. எட்டுப் பேரும் வேலையில் இருக்கிறார்கள். இன்று உன் மகள் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். எல்லாவற்றுக்கும் வைத்தேன். அந்தப் பெட்டியிடம் வந்ததும் மடங்கிக்கொண்டது, பாழாய்ப்போன கை.

"மணி இன்னாம்மா?" என்று கேட்டேன். அவள் என் சட்டைப் பையைப் பார்த்துச் சிரித்தாள். நீ விட்டுப்போன வாட்ச்சைக் கழற்றி அதற்குள்தான் போட்டிருந்தேன்.