டிரிப்ஸ் கூடம் மூடிய வருடம்

ஜூன் 28, செவ்வாய்

இன்று எழுபத்து மூன்று பேருக்கு டிரிப்ஸ் ஏற்றினேன். ஒருவருக்கும் இரண்டாம் முறை குத்த வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் தலைமை நர்ஸ் குவாங் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினாள். நாடு முழுக்க ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கிருமிகள் அடங்க மறுக்கின்றனவாம். தேவையில்லாமல் கொடுப்பதைக் குறைக்க அரசாங்கம் திட்டம் போட்டிருக்கிறது. ஜூலை ஒன்று முதல் எங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளுக்கு டிரிப்ஸ் கிடையாது. சளி, இருமல் என்று வந்து நாற்காலியில் சாய்ந்து ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு போகிற கதை முடிந்தது. பத்தொன்பது வருடம் நான் அந்த டிரிப்ஸ் கூடத்தில்தான் நின்றேன். இனி எனக்கு, டிரிப்ஸ் ஏன் இல்லை என்று வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் மேசை. ஊரில் எல்லாரையும் எனக்குத் தெரியும் என்பதால் என்னைப் போட்டாளாம்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காரமாக ஒரு கிண்ணம் அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 1, வெள்ளி

ஏணி போட்டுக் கூடத்துக் கூரையில் பாட்டில் தொங்கவிடும் கொக்கிகளைக் கழற்றினார்கள்.

ஜூலை 4, திங்கள்

அட்டையில் ஐந்து வாக்கியம் அச்சடித்துத் தந்திருக்கிறார்கள். சளிக்குக் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யாது. ஓய்வெடுங்கள், வெந்நீர் குடியுங்கள் — இப்படிப் போகிறது. காலையிலிருந்து அதையே வாசித்தேன். சிலர் திட்டினார்கள், சிலர் கெஞ்சினார்கள். சிமென்ட் கடைக்காரர் மட்டும் நிதானமாக, "உங்க வீட்டு ஆளுக்குன்னா ஏத்தாம இருப்பீங்களா?" என்று கேட்டார். மூன்றாவது வாக்கியத்தை இன்னொரு தடவை வாசித்தேன்.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் லியாங்சாய் இருமிக்கொண்டிருக்கிறார். விடிந்தால் சாங்ஷா நகரத்துக்கு மினிபஸ் ஓட்ட வேண்டும். அலமாரியில் டிரிப்ஸ் பாட்டிலும் ஆன்டிபயாடிக்கும் வைத்த பழைய பெட்டி இருந்தது. திரைச்சீலைக் கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டு ஏற்றினேன். பதினோரு வருடமாக இப்படித்தான். குளிர்காலமென்றால் குழாயை வெந்நீர்ப் பையில் சுற்றிவிடுவேன், கை சில்லிடக் கூடாதென்று. அவர் மறு கையால் தர்பூசணி தின்றுகொண்டே டிவி பார்த்தார்.

சிமென்ட் கடைக்காரருக்கு இதுதான் பதில்.

ஜூலை 6, புதன்

இருமல் நின்றது. என் கைராசி என்கிறார்.

ஆகஸ்ட் 19, வெள்ளி

அவருக்கு விலாவில் வலி, குளிர் நடுக்கம். பழைய சிறுநீரகக் கல்லாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்றேன். "நீ இருக்கும்போது வேற ஆஸ்பத்திரி எதுக்கு?" என்றார். ஏற்றினேன்.

ஆகஸ்ட் 20

ஏற்றினேன்.

ஆகஸ்ட் 21

ஏற்றினேன். காய்ச்சல் முப்பத்தொன்பதரை.

ஆகஸ்ட் 23, செவ்வாய்

நேற்றுச் சேர்த்தோம். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவு. ரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக்குப் போயிருக்கின்றன. என்னை மேசைக்கு வர வேண்டாம் என்றாள் குவாங். நான் போனேன். அட்டையை வாசித்தேன்.

ஆகஸ்ட் 26, வெள்ளி

முடிவு வந்தது. பதினாறு மருந்துகளின் பட்டியல். பதினான்குக்கு நேராக, இந்தக் கிருமிக்குக் 'கேட்காது' என்ற குறி. மேலிருந்து கீழே மெதுவாகப் படித்தேன். அதில் ஆறு மருந்தை எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் வீட்டுத் திரைச்சீலைக் கம்பியில் தொங்கியவை.

டாக்டர் மிங், "வீட்டுல முன்னாடி ஏதாச்சும் ஏத்தியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"எப்பவாச்சும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வேலை போய்விடும் என்ற பயமா? பயம்கூட இல்லை. வாய் தானாகச் சொல்லிற்று.

ஆகஸ்ட் 27, சனி

மிச்சமிருந்த இரண்டில், வேறு எதுவும் கேட்காதபோது கொடுக்கிற கடைசி மருந்தைச் சும்மா கொடுத்துவிட முடியாது. அதுவும் இதே திட்டத்தின் விதி: மூன்று நிபுணர்கள் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் நகரத்தில் இருந்தார். தாமதமாகும், அவர்களைத் திட்டலாம் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. பதினொரு மணிக்குள் மூன்று கையெழுத்தும் வந்துவிட்டன. மருந்து உடனே ஏறிற்று. யார் மேலும் பழி போட வழியில்லை.

ஆகஸ்ட் 30, செவ்வாய்

காய்ச்சல் இறங்கிற்று. என்னைப் பார்த்ததும், "இவங்க குத்துனா வலிக்குது சூச்சின். வீட்டுக்குப் போனதும் நீயே ஏத்திவிடு" என்றார்.

சரி என்று தலையாட்டினேன்.

செப்டம்பர் 1

மறுபடியும் காய்ச்சல். சிறுநீர் இறங்கவில்லை.

செப்டம்பர் 3, சனி

காலை ஒன்பது மணிக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 19, திங்கள்

மேசைக்குத் திரும்பினேன். யாரும் திட்டவில்லை, விஷயம் தெரிந்திருக்கிறது. இடைவேளையில் டாக்டர் மிங்கின் அறைக்குப் போய் நின்றேன்.

"எப்பவாச்சும் இல்ல டாக்டர். பதினோரு வருஷம். வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவ."

அவர் பேனாவை மூடினார். அந்தக் கிருமி எங்கிருந்தும் வந்திருக்கலாம், இதனால்தான் என்று உறுதியாக யாரும் சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர். கேட்டுக்கொண்டு வந்தேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல நாள் போகிறது.

அக்டோபர் 21, வெள்ளி

பக்கத்து வீட்டு டெங் அக்கா மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய இரண்டு பாட்டிலோடு வந்து நின்றாள். மூன்று நாளாக இருமல்; ஞாயிற்றுக்கிழமை தங்கை மகள் கல்யாணம். சாதாரணச் சளிதான் என்று தொண்டையைப் பார்த்துச் சொன்னேன். தேவையில்லை என்றேன்.

"புருஷன் தும்முனாலே பாட்டிலத் தூக்கிட்டு நிப்ப. எனக்குன்னா மட்டும் சட்டமா?"

"ஆமாக்கா. அவர் தும்முனப்பல்லாம் ஏத்துனேன். கடைசியில அவருக்கு ஒரு மருந்தும் கேக்கல."

பாட்டில்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 23, ஞாயிறு

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல். டெங் அக்கா கல்யாணத்துக்குப் போகவில்லை. இரண்டு தடவை கதவுவரை போய்த் திரும்பினேன். வெந்நீர் பிளாஸ்க்கை அவள் வாசலில் வைத்தேன். எடுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 26, புதன்

காலையில் டெங் அக்கா கீழே மீன்காரனோடு சண்டை போட்டாள். எடை சரியில்லையாம். குரல் கணீரென்று இருந்தது. கால் மணி நேரம் கேட்டேன். ஒரு இருமல்கூட இல்லை. அந்த இரண்டு பாட்டிலும் அவள் ஜன்னலோரம் அப்படியே இருக்கின்றன.

ஏற்றாமலே இருமல் போய்விட்டது. அப்படியென்றால் அவருக்கும் போயிருக்கும். ஜூலையில், அதற்கு முன்னே, அத்தனை தடவையும் — சும்மா விட்டிருந்தாலே போயிருக்கும்.

அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்து மூன்று நாளில் முதல் தடவை. மேசைக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனேன்.