சிலைக்கு எந்தக் கண்

மார்ச் 4, செவ்வாய்

வாத்துகளைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், கொழுந்தன் வந்தான். இரும்புக்கடையைத் திறக்காமல் இந்த நேரத்தில் இங்கே வருகிறவன் இல்லை அவன். அவன் அண்ணனுக்கு, என் வீட்டுக்காரருக்கு, முச்சந்தியில் சிலை வைக்கப் போகிறார்களாம். வெண்கலம். ஆளுயரம். மாவு மில்காரர் தலைமையில் கமிட்டியும் போட்டாயிற்றாம்.

எனக்கு முதலில் என்ன தோன்றியது? முச்சந்தியில் வெயில் கடுமையாயிற்றே, அவருக்கு வெயில் பட்டால் மண்டையிடி வருமே என்றுதான். இதைக் கொழுந்தனிடம் சொல்ல முடியுமா? தலையாட்டி வைத்தேன்.

சொல்ல ஆளில்லாததை இதில் எழுதுகிறேன். மழைக்குக்கூட நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினதில்லை. கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து வந்த எழுத்து இது. அதனால்தான் எல்லாம் பெரிசு பெரிசாக இருக்கிறது.

மார்ச் 11

சிலை செய்கிறவர் பெண்பிள்ளை. வந்ததும் அக்கா என்று கூப்பிட்டு, பாயைத் தானே விரித்து உட்கார்ந்துகொண்டாள். சுவரில் இருக்கிற போட்டோவைக் கழற்றி மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். அவர் போட்டோ என்று ஊரில் இருப்பது இது ஒன்றுதான். பத்திரிகையில் வந்தது, பள்ளிக்கூடத்தில் மாட்டியிருப்பது, கொழுந்தன் கடைக் காலண்டரில் இருப்பது எல்லாம் இதிலிருந்து எடுத்ததுதான்.

அது எடுத்த கதை தனிக் கதை. ஸ்டுடியோக்காரன் விளக்கைப் போட்டால் இவருக்குக் கண் சொக்கிவிடும். எத்தனை தடவை எடுத்தும் அப்படியே. ஸ்டுடியோக்காரனுக்கு அன்று மச்சினன் கல்யாணம். கிளம்புகிற அவசரத்தில், "நீங்க போங்க சார், கண்ணை நான் போட்டுக்கிறேன்" என்றான். தூரிகையால் போட்டும் விட்டான். உருட்டி விழிக்கிற கண். வாங்கிப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பு! இவர், "பரவால்ல, என்னைவிடத் தைரியசாலியா இருக்கான்" என்றார்.

அப்புறம் அவர் பட்டாளத்தோடு எல்லையில் ஒரு மேட்டைப் பிடிக்கிற சண்டைக்குப் போனார். மெடல் வந்தது. அவர் வரவில்லை. ஊரே அந்தக் கண்ணைப் பார்த்துக் கும்பிட்டது. நான் என்னத்தைச் சொல்ல.

மார்ச் 12

வாத்து ஒன்றுகூட முட்டை வைக்கவில்லை.

மார்ச் 26

பட்டறைக்குப் போனேன். ஈரத் துணியைச் சுற்றி வைத்திருந்தாள், களிமண் காயாமல் இருக்க. துணியைப் பிரித்தாள். போட்டோ அப்படியே மண்ணில் எழுந்து நின்றது. மூக்குக்கூடச் சரி.

அவளுக்கு ஒரு பழக்கமாம். கூட வாழ்ந்த ஆள் வந்து தொட்டுப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வெண்கலத்தை உருக்கி ஊற்றுவாளாம். ஊற்றிவிட்டால் அப்புறம் திருத்த முடியாது, அதனால் நன்றாகப் பாருங்கள் என்றாள்.

பார்த்தேன். இல்லை என்றேன். கண் அவருடையது இல்லை, ஸ்டுடியோக்காரனுடையது என்று கதையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையை ஈரத்தில் நனைத்துக்கொண்டு, "சரிக்கா, நிஜக் கண்ணு எப்படி இருக்கும், சொல்லுங்க" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

மார்ச் 27

அந்தக் கண்ணு ஞாபகத்துக்கு வரலை. எவ்வளவு யோசிச்சாலும் அந்தப் போட்டோதான் வருது. கட்டிக்கிட்டவ நான். எனக்கே தெரியலைன்னா வேற யாருக்குத் தெரியும்? தினமும் அதையே பார்த்துப் பார்த்து உள்ளே இருந்த ஆளை அழிச்சிட்டேனா? அவர் குரல் இருக்கு. செருப்பை விடுற சத்தம் இருக்கு. மூஞ்சி எங்கே போச்சு?

ஏப்ரல் 2

இதை யாரிடமும் சொல்ல முடியாது. வாத்தைப் பார்த்தால் புருஷன் ஞாபகம் வந்தது என்றால் என்ன நினைப்பார்கள்?

தொட்டியோரம் கிழட்டு வாத்து ஒன்று நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தது. முழுக்க மூடாத கண். இமை பாதி இறங்கி, உள்ளே ஒரு கோடு மினுமினுத்தது. கிட்டே போனேன், நகரவில்லை. அட, இது என்று நின்றுவிட்டேன்.

ஒரு லீவில் கையில் மாவுக்கட்டோடு வந்திருந்தார். நான்தான் சவரம் செய்துவிட்டேன். கத்தி தாடையில் இருக்கும்போதே தூங்குவார் மனுஷர். கண் பாதி திறந்தே இருக்கும். தூங்குறீங்களா என்றால், "இல்ல, கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்பார். நான் பேசினது ஒன்றும் காதில் விழுந்திருக்காது. இடது இமை வலதைவிட ஒரு நூல் கீழே இறங்கும். தாடையில் ஒரு பள்ளம், அங்கே மட்டும் கத்தி ஏறாது.

எல்லாம் வந்துவிட்டது. வாத்துக்கு ஒரு பிடி தானியம் கூடுதலாகப் போட்டேன்.

ஏப்ரல் 3

நான் சொல்லச் சொல்ல அவள் கட்டைவிரலால் இமையை இறக்கினாள். இன்னும், இன்னும் கொஞ்சம், போதும். கடைசியில் தாடைப் பள்ளத்தை என் விரலாலேயே அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். உடனே வெளியே போய்விட்டேன். அங்கே நிற்க முடியவில்லை.

ஏப்ரல் 9

கமிட்டி பட்டறைக்கு வந்தது. மில்காரர் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். வீரன் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த மாதிரி இருக்கிறானே, ஊர் சிரிக்காதா என்றார். ஊருக்குத் தெரிந்த முகம் போட்டோ முகம்தான், அதையே வைக்கணும் என்றார். கொழுந்தனும் அவர் பக்கம். "அண்ணி, அண்ணன் மானத்தை வாங்காதீங்க" என்று என் காதில் முணுமுணுத்தான்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "சிலை அவருக்கா, அந்தப் போட்டோவுக்கா?" என்றேன்.

"ஊருக்கும்மா" என்றார் மில்காரர்.

சிலைக்காரி கையைத் துடைத்துக்கொண்டே, இதை ஊற்றச் சொன்னால் ஊற்றுகிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். பெரிய அதிகாரி திறக்க வருகிற தேதி குறித்தாயிற்று, வேறு ஆள் தேட நேரமில்லை. அதனால் ஒத்துக்கொண்டார்கள். என் பேச்சு நியாயத்தால் ஜெயிக்கவில்லை, அவசரத்தால் ஜெயித்தது.

ஏப்ரல் 10

கொழுந்தன் கடை வழியாகப் போனேன். உள்ளே திரும்பிக்கொண்டான்.

மே 18, ஞாயிறு

துணியை இழுத்தார்கள். கைதட்டல் ஆரம்பித்துப் பாதியிலேயே அடங்கிப் போனது. பின்னால் ஒருத்தன், "யாருடா இது, டீக்கடையில தூங்கிட்டிருந்தவனை எழுப்பிக் கூட்டிட்டு வந்தாங்களா?" என்றான். சிரிப்பு. கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அதிகாரி பேசினார், மாலை போட்டார், போனார். பந்தலைப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

நான் மட்டும் நின்றேன். வெயில் வேறே. என்னையே திட்டிக்கொண்டேன். வீட்டுக்குள்ள பத்திரமா இருந்த மனுஷனை இழுத்துட்டு வந்து நடுரோட்டுல நிறுத்தி நாலு பேர் சிரிக்க வச்சிட்டியேடி. போட்டோ கண்ணோட நின்னிருந்தா யாராவது ஒரு கும்பிடு போட்டிருப்பானே. உனக்கு எதுக்கு இந்தப் பிடிவாதம்?

அப்போது ஒரு பெரியவர், ஒரு கால் விந்தி விந்தி, கோலூன்றி வந்தார். சட்டையில் மெடல் எல்லாம் குத்தியிருந்தார். சல்யூட் அடிப்பார் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. கோலால் பீடத்தை லேசாகத் தட்டினார்.

"எந்திரிடா. உன் முறை வந்துருச்சு."

என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டார். நான் யாரென்று சொன்னேன். அந்த மேட்டில் இவரோடு இருந்தவராம். காவல் மாற்ற இவரை எழுப்புவது அவர் வேலையாம். எழுப்பப் போனால் தூங்குகிறானா முழித்திருக்கிறானா என்றே தெரியாது, இதே கண்தான் என்றார்.

பிறகு சிலையைப் பார்த்தபடியே சொன்னார். "கால்ல குண்டு பட்டுக் கிடந்தேன் தங்கச்சி. முதுகுல தூக்கிட்டு வந்தான். சுத்தி வெடிக்குது. என்னைக் கீழ போட்டுட்டு ஓடிருடான்னு கெஞ்சினேன். கொட்டாவி விட்டான்."

"கொட்டாவியா?"

"ஆமா. இறக்கி விட்டுட்டு, இன்னொருத்தன் கிடக்கான்னு திரும்பிப் போனான்."

அதோடு நிறுத்திக்கொண்டார். மிச்சம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அவரை எழுப்பின ஆள் நான் ஒருத்திதான் என்று இத்தனை காலம் இருந்துவிட்டேன்.

மே 25, ஞாயிறு

பெரியவர் வந்திருந்தார். பஸ்ஸைவிட்டு இறங்கி, வழி கேட்டு, வாத்துகளிடம் கடி வாங்கி வந்து சேர்ந்தார். தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டில் அவன் எப்படித் தங்கச்சி எழுந்திருப்பான் என்று கேட்டார்.

அவர் எப்படி விழுந்தார் என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பத்திரிகைக்காரர், வாத்தியார், கமிட்டி, எல்லோரும். இதை யாரும் கேட்டதில்லை.

சொல்ல ஆரம்பித்தேன். முதலில் போர்வையைச் சொல்ல வேண்டியிருந்தது, போர்வை என்றால் அது வாங்கின கதை, அதற்குள் என் அம்மா வீட்டுச் சண்டை ஒன்று. பெரியவர் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். மத்தியானம் ஆகிவிட்டது. கதையில் அவர் இன்னும் போர்வையைவிட்டு வெளியே வந்தபாடில்லை.