மிகச் சுத்தமான பேட்ஜ்

கிரோவிக்
6 அக்டோபர் 1983

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். பின்லாந்தில் உங்களுக்கு நல்ல அறை கிடைத்தது, அங்குள்ள அணு உலையில் வேலை பாதி முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள். அம்மா கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். அங்கே காபி வாயில் வைக்க முடியவில்லை என்ற வரிக்கு மட்டும் சிரித்தாள்.

உருளைக்கிழங்கை எடுத்து நிலவறையில் போட்டுவிட்டோம். தான் ஓட்டும் பள்ளிப் பேருந்துக்குக் குளிர்காலச் சக்கரங்களை இந்த வருடம் முன்கூட்டியே மாட்டச் சொல்லி அம்மா பணிமனையில் சண்டை போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் வேகவைத்தோம். பழக்கத்தில் உங்கள் பங்கையும் எடுத்து வைத்துவிட்டாள். திங்கட்கிழமை அதை நான் சாப்பிட்டேன்.

வேலையில் ஒரு நல்ல செய்தி. என் மேலதிகாரி குன்வோர் இப்போது பேட்ஜுகளை என்னைத் தனியாகவே வாசிக்க விடுகிறாள். உலையில் இருக்கும் நீங்கள் எல்லோரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்ஜைக் கழற்றி எங்கள் சன்னலில் போட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று நீங்கள் பார்த்ததில்லை. உள்ளே உப்புக்கல் போல ஒரு சின்னச் சில்லு இருக்கும். அதைச் சூடாக்கினால் மெல்லிய ஒளி வரும். அணிந்தவர்மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டதோ அவ்வளவு ஒளி. கருவி அதை அளந்து எண்ணாகக் காட்டும். ஒருமுறை சூடாக்கினால் சில்லு எல்லாவற்றையும் மறந்துவிடும், தாளில் இருக்கும் எண் மட்டும்தான் மிச்சம். அதனால் கை நடுங்கக் கூடாது. எனக்கு நடுங்கவில்லை. பேச வேண்டியதில்லாத வேலை என்பதால்தானோ என்னவோ. பள்ளியில் வாய்மொழித் தேர்வில் வாயே திறக்காமல் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்த அன்று, குன்வோரிடம் போய் எனக்காக நீங்கள் வேலை கேட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை.

யாரும் அணியாத சில்லுகள் சிலவற்றை எங்கள் அலமாரியிலேயே வைத்திருப்போம், ஒப்பிட்டுப் பார்க்க. இந்த ஊரின் கருங்கல்லிலிருந்தும் வானத்திலிருந்தும் வருகிற கதிர் அவற்றிலும் ஏறும். இந்த மூன்று மாதத்துக்கு அலமாரியில் இருபத்திரண்டு மில்லிரெம் கதிர். உலைக்குள் போகாத தட்டச்சுக்காரர்களுக்கும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று. உங்களுடையது பத்து.

நான் இரண்டு முறை கருவியைச் சரிபார்த்தேன். கருவி சரி. குன்வோரிடம் தாளைக் காட்டினேன். அவள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "உங்கப்பா எங்க குடியிருக்காரு? கடலுக்கு அடியிலயா?" என்று கேட்டாள். பிறகு, "அவரு உள்ள போகாம வெளிய உக்காந்து கடிகாரம் பாத்த ஆளு. அலமாரிக்குக் கீழ வந்தா பூஜ்யம். எழுதிட்டு அடுத்ததப் பாரு" என்றாள்.

அதுதான் இங்கே வழக்கம். நானும் பூஜ்யம் என்று எழுதினேன். ஆனாலும் பத்து எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

தொண்டையைக் கம்பளியால் சுற்றிக்கொண்டு வெளியே போகச் சொல்கிறாள் அம்மா.

உங்கள் மகள்,
யோருன்


கிரோவிக்
7 நவம்பர் 1983

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பனியைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்கு இரண்டு வரி: பத்தோ இருபதோ, பூஜ்யம் என்று எழுதிவிட்டு வேறு வேலையைப் பார். குன்வோர் சொன்னதையேதான் நீங்களும் சொல்கிறீர்கள். அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். உங்கள் வரியில் சிரிப்பு இல்லை.

கோபப்படாமல் வாசியுங்கள். நான் ஒரு வேலை செய்தேன். வெளியிடங்களை அளக்கிற கூர்மையான சில்லுகளில் ஆறு எடுத்தேன், குன்வோரிடம் கேட்டுத்தான். ஒன்று எங்கள் அலமாரியில், ஒன்று நம் சமையலறையில், ஒன்று தேவாலயத்தின் கல்சுவரில், ஒன்று படகுக் கொட்டகையில், ஒன்று பேருந்தில் அம்மாவின் இருக்கைக்கு அடியில். ஆறாவதை, கதிர் எண்ணும் அறையில், ஓரத்தில் கிடக்கும் பழைய ஈயக் கூட்டுக்குள் வைத்தேன். ஏரிச் சேற்றையும் மீனையும் உள்ளே வைத்து, வெளிக்கதிர் அதிகம் கலக்காமல் எண்ணிப் பார்ப்பதற்காகக் கட்டிய கூடு அது. சுற்றிலும் ஒரு சாண் ஈயம்.

நான்கு வாரம் கழித்து வாசித்தேன். அலமாரியில் ஏழு. சமையலறையில் எட்டு. தேவாலயத்தில் பதினொன்று. கொட்டகையிலும் பேருந்திலும் ஆறு. ஈயக் கூட்டில் மூன்று. அலமாரியில் ஏழு ஏறும்போது கூட்டுக்குள் மூன்றுதான் ஏறுகிறது என்றால், அலமாரியில் இருபத்திரண்டு ஏறும்போது கூட்டுக்குள் எவ்வளவு என்று சின்னப் பிள்ளையும் கணக்குப் போட்டுவிடும்: ஒன்பதரை, ஏறக்குறைய உங்கள் பத்து.

அந்தக் கூட்டின் கதவுக் கீலை ஜூலையில் சரிசெய்தது நீங்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று எண்ணும் அறைக்காரர்கள் செப்டம்பர் வரை முணுமுணுத்தார்கள்.

பேட்ஜை எங்காவது மேசை இழுப்பறையில் போட்டிருந்தால் இருபத்திரண்டு வந்திருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஒரு துளிக் கதிரும் படக்கூடாது என்று மிகப் பத்திரமான இடமாகப் பார்த்து வைத்துவிட்டீர்கள்.

எதற்காக என்று யோசித்தேன். உங்கள் பதிவேட்டில் ஜூன் வரைக்கும் மூவாயிரத்து எண்ணூறு மில்லிரெம் ஏறியிருக்கிறது. வருடத்துக்கு ஐயாயிரம்தான் எல்லை. அதனால்தான் ஆகஸ்டில் பம்ப் அறையில் வால்வு மாற்றியபோது உங்களை உள்ளே விடாமல் வெளியே கடிகாரத்தோடு உட்கார வைத்தார்கள். நான்கு நிமிடம் ஆனதும் சுவரைத் தட்டி ஆளை வெளியே இழுப்பது உங்கள் வேலை. உள்ளே போனவர்களில் உங்களோடு வேலை செய்யும் ஐவினும் ஒருவன். முகமூடியும் தலையுறையும் போட்டால் உங்கள் இருவரையும் பிரித்துச் சொல்ல முடியாது, உயரமும் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் வாஃபிள் அப்பம் சுடும் நேரத்தில் ஐவினின் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். நான் வந்து உட்கார்ந்ததே அவனுக்கு ஆச்சரியம். "என்ன யோருன், சன்னலோரம் இடம் இல்லையா?" என்று கேலி செய்தான். இரட்டைக் குழந்தைகளைப் பற்றிச் சொன்னான். "ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு எழுப்பி விடுது. ரெண்டும் கூட்டுக் களவாணிங்க." நான் தாளில் எழுதி வைத்திருந்த கேள்வியை அவன் முன்னால் தள்ளினேன். ஆகஸ்டில் உன் பேட்ஜை அணிந்துகொண்டு உள்ளே போனது யார்?

அவன் வாஃபிளை மென்று முடிக்கவே இல்லை. "நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றான். "அவரு கேக்கல. 'உனக்கு ரெண்டும் இப்பத்தான் தொட்டில்ல கிடக்குது. எனக்குப் பொண்ணு வளந்துட்டா. நகருடா, கடிகாரத்தப் பிடி'ன்னாரு. நாலு தடவையும் அவர்தான் போனாரு. டிசம்பர்லயும் தானே போறேன்னு சொல்லியிருக்காரு." பிறகு மெதுவாக, "யார்ட்டயும் சொல்லிடாத. ரெண்டு பேருக்கும் வேல போயிடும்" என்றான்.

அப்பா, ஐவினின் பேட்ஜில் ஆயிரத்து அறுநூறு ஏறியிருந்தது. அதையும் நான்தான் வாசித்தேன். அது உங்களுடைய ஆயிரத்து அறுநூறு. உங்கள் கணக்கில் சேர்த்தால் ஐயாயிரத்து நானூறு. எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். டிசம்பர் 12 அன்று இரண்டாவது வால்வு. அன்றும் நான்கு முறை போனால் ஏழாயிரம்.

நீங்களே குன்வோருக்கு எழுதிவிடுங்கள். உங்கள் கையெழுத்தில் வந்தால் அவள் மதிப்பாள். 18-ஆம் தேதி வரை காத்திருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் மகள்,
யோருன்


கிரோவிக்
21 நவம்பர் 1983

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பதில் 17-ஆம் தேதி கிடைத்தது. இந்த ஒரு வால்வு முடியும்வரை வாயை மூடிக்கொண்டிரு, வாயை மூடிக்கொண்டிருப்பது உனக்குப் புதிதில்லையே என்று எழுதியிருந்தீர்கள். விளையாட்டாகத்தான் எழுதியிருப்பீர்கள். நான் அந்த வரியைப் பலமுறை வாசித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை குன்வோரிடம் சொல்லிவிட்டேன். தாளில் எழுதிக் கொடுக்கவில்லை, வாயால் சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை. சொல்லி முடித்ததும் சன்னலைத் திறந்து ஒரு சிகரெட் முழுவதையும் புகைத்தாள். "ஒரு வருஷத்துல உன் வாயிலேருந்து இவ்வளவு வார்த்த வந்து நான் கேட்டதில்ல. கடைசில வந்தது இதுவா இருக்கணுமா?" என்றாள். பிறகு பழைய பதிவேடுகளை மேசையில் இறக்கி, "பதினோரு வருஷமா பெரிய எண்ணத்தான் தேடுறேன். கீழ என்ன இருக்குன்னு ஒரு நாள் பாத்ததில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அலமாரி எண்ணுக்குக் கீழே வந்தவற்றையெல்லாம் தேடத் தொடங்கினாள். உங்களுடையதைத் தவிர வேறு இல்லை.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். உலையின் தலைமைப் பொறியாளர் ஐவினைக் கூப்பிட்டார். கதவுக்கு வெளியேயும் சத்தம் கேட்டது. உங்கள் இருவருக்கும் வேலை போகவில்லை. பதிவேட்டில் அவனுடைய ஆயிரத்து அறுநூறை அடித்துவிட்டு உங்கள் பெயரில் எழுதினார்கள். ஐயாயிரத்து நானூறு. அந்த வரியைக் குன்வோர் என்னை எழுதவிடவில்லை. தானே எழுதினாள்.

டிசம்பர் 12 அன்று ஐவின் தன் பேட்ஜோடு தானே உள்ளே போகிறான். அவனாகவே கேட்டுக்கொண்டான். "என் கணக்குல நிறைய இடம் கிடக்குது, அதுக்குத்தான சம்பளம் வாங்குறேன்" என்றான். எல்லைக்குள் இருக்கும் ஒருவன் நான்கு முறை போனால் பயப்பட ஒன்றுமில்லை என்று குன்வோர் அவன் மனைவிக்குத் தொலைபேசியில் அரைமணி நேரம் விளக்கினாள். நீங்கள் அடுத்த கோடைகாலம் வரை பம்ப் அறை வாசலுக்கே வரக்கூடாது. கடிகாரத்தையும் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். ஊருக்கு வந்ததும் மருத்துவர் உங்கள் ரத்தத்தைப் பார்ப்பார். இந்த அளவில் எதுவும் தெரியாது என்றுதான் நினைக்கிறாராம், ஆனாலும் பார்க்க வேண்டுமாம். இதையெல்லாம் சொல்லும் அலுவலகக் கடிதம் புதன்கிழமை கிளம்பும். அதற்கு முன்னால் என் கடிதம் உங்கள் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் இன்றே எழுதுகிறேன்.

அம்மாவிடம் பேருந்தில் சொன்னேன், கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகு. அவள் வண்டியைப் படகுத்துறைப் பக்கம் நிறுத்திவிட்டுச் சற்று நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பக்கத்து வீட்டுக் கூரையில பனி விழுந்தாலும் இந்த மனுஷன்தான் ஏறுவாரு" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, உங்கள் பெரிய கம்பளிச் சட்டையின் கிழிந்த முழங்கையைத் தைத்தாள். அதைத்தான் இந்தப் பொட்டலத்தில் அனுப்புகிறோம். பழுப்புப் பாலாடைக்கட்டி ஒரு துண்டும் இருக்கிறது.

நான் வளர்ந்துவிட்டேன் என்று ஐவினிடம் சொன்னீர்களாம். உண்மைதான், பதினேழு ஆகிறது, சம்பளம் வாங்குகிறேன். ஆனால் வளர்ந்த பெண்ணுக்கு அப்பா தேவைப்படமாட்டார் என்று யார் சொன்னது? அந்த ஒரு கணக்கை மட்டும் நீங்கள் தப்பாகப் போட்டுவிட்டீர்கள்.

என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். இங்கே வந்து, மேசைக்கு எதிரே உட்கார்ந்து கோபப்படுங்கள். இந்த முறை நான் பதில் சொல்வேன்.

உங்கள் பேட்ஜில் புதுச் சில்லை நானே போட்டு மூடியிருக்கிறேன். சன்னலுக்குப் பக்கத்தில் கொக்கியில் தொங்குகிறது. வந்ததும் என்னிடம் வந்து வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அதை நான் வாசிக்கும்போது இருபத்திரண்டு வர வேண்டும். இந்தக் கருங்கல் ஊரில், தன் வீட்டில் தூங்கி, தன் பங்குச் சாப்பாட்டைத் தானே சாப்பிடும் எந்த மனிதருக்கும் வருகிற எண் அது. அதற்குமேல் ஒன்றும் கூட வேண்டாம். கீழேயும் இறங்க வேண்டாம், அப்பா.

பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள் மகள்,
யோருன்