வெயின்ரைட் பயிற்சியின் ஆறாம் நாள்

ரெட் டியர்
4 அக்டோபர் 2019

அன்புள்ள ஒடீல்,

உன் முகவரியை உன் தங்கையிடம் கெஞ்சி வாங்கினேன். போன வாரம் வெயின்ரைட் பக்கம் போனபோது, ராணுவப் பயிற்சித் திடலில் புகைக்குண்டு போட்டு ஒரு மேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தேன். ஒருத்தி ஓட, இன்னொருத்தி வெற்றுத் தோட்டா சுட்டுக் காவல். முப்பது வருஷத்துக்கு முன் நாமும் இப்படித்தானே? நீ "ஓடுறேன்" என்று கத்தினால், "எதிரி பயந்து ஓடிட்டான், கொஞ்சம் மெதுவா கத்தும்மா" என்பார் சார்ஜென்ட்.

ஆறாம் நாள் நீ பதுங்குகுழியில் குதித்தபோது முழங்கால் பிசகியது. "யார்கிட்டயும் சொல்லாதடி, இன்னும் நாலே நாள்" என்றாய். சரி என்றேன். மறுநாள் உன்னை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நீ படைக்குத் திரும்பவே இல்லை.

சார்ஜென்டிடம் சொன்னது நான்தான். என்னை மன்னிப்பாயா?

நோரீன்

ரிமூஸ்கி
21 அக்டோபர்

நோரீனுக்கு,

நீதான் சொன்னாய் என்று அன்றைக்கே தெரியும். உன்னைத் தவிர யாரிடமும் நான் சொல்லவில்லையே. இன்னும் இரண்டு நாள் ஓடியிருந்தால் கால் மடங்காமலே போயிருக்கும் என்றார் டாக்டர். ஊர் வந்து சேர்வதற்குள் அந்தக் கோபம் தீர்ந்துவிட்டது.

ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சார்ஜென்ட்கூட நாலு வரி எழுதினார். தபால் வரும் நேரத்துக்குத் தலை வாரிக்கொண்டு உட்காருவேன். நீ மட்டும் எழுதவில்லை. எனக்கு வலித்தது அதுதான்.

மன்னிக்க ஒன்றுமில்லை. ஆனால் பழையபடி இருக்க முடியுமா, தெரியவில்லை.

ஒடீல்

ரெட் டியர்
3 நவம்பர், ஞாயிறு

அன்புள்ள ஒடீல்,

அப்போது மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் சாக்குப்போக்காக இருந்தன. கிழித்துவிட்டேன். இப்போது சாக்கு எதுவும் சொல்லவில்லை.

இனி ஞாயிறுதோறும் எழுதுகிறேன். தோன்றினால் பதில் போடு.

இன்றைய சேதி: பனி கொட்டுகிறது. பக்கத்து வீட்டு நாய் என் இடது கையுறையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

உன் நோரீன்

ரிமூஸ்கி
29 நவம்பர்

நோரீன்,

இரண்டு ஞாயிறு எழுதினாய். மூன்றாவது ஞாயிற்றுக் கடிதம் இன்னும் வரவில்லை. இன்றைக்குத் தபால்காரரையே நிறுத்திக் கேட்டுவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

ஒடீல்