நீங்கள் தேய்த்த பக்கம்

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. இன்று பல்கலைக்கழகக் கம்பஸில் ஒரு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எல்லாம் உங்கள் கல்லால் வந்தது. றக்வான தேயிலைத் தோட்டத்தில் வேலை குறைந்த சமயம் புத்தளம் சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போனீர்களே, அங்கிருந்து சாரத்தில் முடிந்து கொண்டுவந்த கல். மேலே ஐந்து இதழ்ப் பூ. மாணிக்கம் தோண்டும் நம் பக்கத்தில் கையில் கல் கிடைத்தால் யார் சும்மா இருப்பார்கள்? உள்ளே மாணிக்கம் இருக்குமோ என்று அடிப்பக்கத்தை ஒரு வாரம் அம்மியில் தண்ணீர் விட்டுத் தேய்த்தீர்கள். பஜார் மாணிக்க முதலாளி பார்த்துச் சிரித்தார். "வெறும் கல்லு ராமையா."

"வெறும் கல்லுல யாரு புள்ள பூ போடுவா?" என்று என்னிடம் கொடுத்தீர்கள்.

நான் விலங்கியல் படிக்கப் போனபிறகுதான் அது கடல் முள்ளெலிகளின் சொந்தம், கல்லாகிப்போன உயிர் என்று தெரிந்தது. லீவில் வந்து விளக்கினேன். உருண்டை முள்ளெலிக்கு வாய் கீழே, கழிவுத் துவாரம் உச்சியில். அதன் சொந்தக்காரனான, காசுபோலத் தட்டையான மணல் டொலருக்கு அந்தத் துவாரம் ஓரத்துக்கோ அடிக்கோ இறங்கிவிடும். நீங்கள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டீர்கள்.

"அப்ப வாயும் குண்டியும் எங்க இருக்குன்னு பாத்துதான் ஜாதி பிரிக்கிறீங்களா? நம்மாளுங்களே தேவல!"

அம்மா கரண்டியை ஓங்கினார். பிறகு மெதுவாகக் கேட்டீர்கள், "நான் வாயைத் தேச்சுட்டேனே, கெடுத்துட்டேனா புள்ள?" ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல் இன்னும் என்னைச் சுடுகிறது அப்பா.

இப்போது எனக்குப் படித்த கம்பஸிலேயே வேலை. கல்லைச் சேகரிப்பில் சேர்க்க இன்று கொண்டுபோனேன். பிரிவுத் தலைவர் திருப்பிப் பார்த்தார். வாயே இல்லை, எந்த வகையில் சேர்ப்பது, யாரோ விவரம் கெட்டவன் பாழாக்கிவிட்டான் என்றார்.

"அந்த யாரோ என் அப்பா, சேர்," என்றேன். லென்ஸைக் கையில் கொடுத்தேன். நீங்கள் தேய்த்த பக்கத்தில், ஓரமெல்லாம் சின்னச் சின்னத் தூண்கள். மேலோட்டையும் கீழோட்டையும் உள்ளே தாங்குபவை. இப்படித் தூண் வைத்துக் கட்டுவது மணல் டொலர் கூட்டம்தான். கல் முழுசாக இருந்திருந்தால் அறுத்துத்தான் பார்த்திருக்க வேண்டும். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

இதை நீங்கள் இருக்கும்போதே கண்டுபிடித்திருக்கக் கூடாதா நான்?

பிறகு பெயர்ச் சீட்டு வந்தது. கண்டெடுத்தவர்: 'தோட்டத் தொழிலாளி ஒருவர்' என்று எழுதச் சொன்னார். பழைய சீட்டுகளில் வெள்ளைக்காரத் துரைமாருக்கெல்லாம் முழுப் பெயர் இருக்கிறது. பெயர் இல்லாவிட்டால் கல்லும் இல்லை என்று பையில் போட்டுக்கொண்டு கதவுவரை போய்விட்டேன். கூப்பிட்டார். பெயரைச் சொல் என்றார். நானே எழுதுகிறேன் என்றேன்.

'முத்தையா ராமையா, கவ்வாத்துக்காரர், றக்வான. அடிப்பக்கத்தைத் தேய்த்துத் தூண்களைத் திறந்து காட்டியவரும் இவரே.'

நீங்கள் எதையும் கெடுக்கவில்லை அப்பா. அந்தச் சீட்டை யார் எத்தனை தடவை கிழித்தாலும், இந்தக் கை இருக்கும்வரை அத்தனை தடவையும் திரும்ப எழுதுவேன்.

இப்படிக்கு,
அன்று ஆமாம் சொன்ன உங்கள் புள்ள,
விஜயா