பப்பாளித் தயிரும் பிரகதாம்பாள் வீட்டுத் தூக்கும்

திருத்துறைப்பூண்டி வட்டம்,
ஆனி 3, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் வானதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் செவலைப் பசுவும் அதன் கன்றும் சுகமாக இருக்கிறோம், மூன்று பேருக்கும் வேளாவேளைக்குச் சாப்பாடு நடக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பா இசைவாணியும் நான்கு மாதத்துச் சின்னவனும், பிரசவம் பார்க்க வந்து அந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்ட உன் அம்மாவும் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் ஹலோ சொல்வதற்குள் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்தில் உன் அம்மா விஜயலட்சுமி அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இது அவள் காதில் விழக் கூடாத சமாசாரம். நீ அனுப்பிய தயிர்ப் பொடி பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்த முத்துப்பேட்டை ஜாஃபர் சாதிக் தம்பி, தன் தங்கை கல்யாணம் முடிந்து வெள்ளிக்கிழமை மெல்போர்னுக்குத் திரும்புகிறார், அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். முதலில் நீ மட்டும் தனியாகப் படி. சத்தம் போட்டுச் சிரிக்காதே, அவள் என்ன ஏது என்று வந்துவிடுவாள்.

மேட்டூர் திறந்துவிட்டார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் வாய்க்காலில் மண்டிக் கிடந்த காட்டாமணக்கையெல்லாம் ஆள் விட்டு எடுத்தாகிவிட்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மாத்திரை தவறாமல் போடுகிறேன். சமையலும் பழகிவிட்டது, ரசம் மட்டும் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு மாதிரி வருகிறது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன தடவை நீங்கள் வந்தபோது பாப்பா ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அந்த ஊர்க் கடையில் விற்கிற மாம்பழத் தயிர்க் கிண்ணம்தான் வேண்டும் என்று அழுது, கன்னமெல்லாம் வற்றிப்போய், நீ பத்து நாள் முன்னதாகவே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினாய். உன்மேல் தப்பில்லை. ஆனால் நீங்கள் கார் ஏறிப் போன பிறகு அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை, அது உனக்குத் தெரியாது. அதனால்தான் இந்தத் தடவை வருவதற்குள் அந்தத் தயிரை நானே செய்து பழகிவிட வேண்டும் என்று உன்னிடம் அந்தப் பொடி பாக்கெட்டைக் கேட்டு வாங்கினேன். நம் வீட்டிலேயே மாடு இருக்கிறது, பால் இருக்கிறது, ஒரு குழந்தைக்குத் தயிர் செய்ய முடியாதா என்று எனக்கு ஒரு ரோஷம்.

பாக்கெட்டோடு நீ எழுதி அனுப்பிய குறிப்பில் பாலைக் காய்ச்சி நாற்பத்திரண்டு டிகிரிக்கு ஆறவிட்டுப் பொடியைக் கலக்கச் சொல்லியிருந்தாய். வீட்டில் இருப்பது ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டர். அதைப் பாலில் விட்டேன், பாலை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்வதுபோல பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிட்டது, அதற்குப் பிறகு உயிர் வரவே இல்லை. சரி போகட்டும் என்று விரலை விட்டுப் பார்த்தேன். மாம்பழத்துக்குக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும், கொல்லையில் பப்பாளி பழுத்துத் தொங்குகிறது, நிறம் ஒன்றுதானே, பாப்பாவுக்கு என்ன தெரியப் போகிறது என்று பப்பாளியைப் பிசைந்து பாலில் கொட்டினேன். அதோடு விட்டேனா. பொடி வெளிநாட்டுச் சரக்கு, நம் ஊர் வெயிலுக்குத் தாங்குமோ என்னவோ, துணைக்கு இருக்கட்டும் என்று உன் அம்மா விட்டுப் போனதிலிருந்து நான் தினமும் எடுத்துவைத்து வந்த உறைமோரையும் கிண்ணத்தோடு கவிழ்த்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. காலையில் திறந்து பார்த்தால் மேலே தண்ணீர், அடியில் திரி திரியாக ஏதோ. வாயில் வைத்தேன், வேப்பங்கொழுந்து தோற்றது. தெரு நாய்க்கு வைத்தேன், அது மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது.

தயிர் போனால் போகிறது. உறை போய்விட்டதே வானதி. அந்த உறையைப் பற்றி உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். கல்யாணமாகி வரும்போது நன்னிலத்திலிருந்து உன் அம்மா ஒரு சின்னத் தூக்கில் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்த உறை அது. முப்பத்தொரு வருஷமாக ஒரு நாள்கூட விடாமல் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டுத்தான் தயிரில் கை வைப்பாள். நன்னிலத்தில் இப்போது அவளுக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை, வீட்டையும் இடித்துவிட்டார்கள். அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்ததில் மிச்சம் அது ஒன்றுதான். விமானம் ஏறும்போது என்னிடம் நகையைப் பற்றிச் சொல்லவில்லை, நிலத்தைப் பற்றிச் சொல்லவில்லை, உறைய விட்டுடாதீங்க என்றுதான் சொன்னாள். நான் விட்டுவிட்டேன்.

நான்கு நாள் போனில் உறை எடுத்து வச்சீங்களா என்று அவள் கேட்க, ஓ வைத்தாயிற்று என்று நான் புளுகிக்கொண்டிருந்தேன். நடுவில் கடைத் தயிரை வாங்கி உறை ஊற்றினேன், கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாகக் கூடவே வந்தது. மிளகாய்க் காம்பைப் போட்டால் தோயும் என்று டீக்கடையில் சொன்னார்கள், தோய்ந்தது, ஆனால் தயிர் சாதமே காரக்குழம்பு மாதிரி இருந்தது. உன் அம்மா நாக்கை ஏமாற்ற முடியுமா, வந்து இறங்கி முதல் வாயிலேயே பிடித்துவிடுவாள். அப்போதுதான் பிரகதாம்பாள் ஞாபகம் வந்தது.

கஜா புயலின்போது நம் தெருவில் யார் வீட்டிலும் ஒரு சொட்டுப் பால் இல்லாமல், பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாள் உறை கெட்டுப்போய், உன் அம்மாதான் தன் உறையிலிருந்து ஒரு கரண்டி கொடுத்தாள். அப்போதெல்லாம் இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள்போலத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மடையை யார் முதலில் திறப்பது என்று எனக்கும் அவள் வீட்டுக்காரர் அண்ணாதுரைக்கும் வாய்த் தகராறு வந்தது. நாங்கள் மறுவாரமே டீக்கடையில் பேசிவிட்டோம். எங்களுக்குப் பரிந்துகொண்டு வேலியோரம் நின்று சண்டை போட்ட இவர்கள் இருவரும் இன்றுவரை முகம் பார்ப்பதில்லை. போன தடவை நீங்கள் வந்திருந்தபோது பாப்பாவைப் பார்க்கக்கூட அவள் வரவில்லை, இவள் கூப்பிடவும் இல்லை. அந்த வீட்டு வாசலில் போய் நான் எந்த முகத்தோடு நிற்பது. காலையில் போகலாம் என்று நினைத்து, மத்தியானம் போகலாம் என்று தள்ளி, கடைசியில் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்து அவர்கள் வீட்டில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. விஷயத்தைச் சொல்லி ஒரு கரண்டி உறை வேண்டும் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், வெளக்கு வச்சாச்சுண்ணே, இனிமே தயிர் மோரெல்லாம் வெளியில குடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான், உன் அம்மாவும் கொடுக்க மாட்டாள். ஆனால் அன்றைக்கு எனக்கு அது சாக்காகத்தான் பட்டது. பழசை வைத்துக்கொண்டு பழி வாங்குகிறாள் என்று வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலையில் பால் கறந்துகொண்டிருக்கிறேன், படல் திறக்கும் சத்தம். பிரகதாம்பாள் கையில் ஒரு தூக்கோடு நிற்கிறாள். இரண்டு வருஷத்தில் நம் வீட்டுக்குள் அவள் கால் வைத்தது அன்றைக்குத்தான். தூக்கு நிறையத் தயிர். ஒரு கரண்டிதானே கேட்டேன் என்றேன். இது எங்க வீட்டு உறை இல்லண்ணே, விஜி குடுத்ததுதான், அவ எங்கூட பேசலன்னா அதுக்காக அவங்க அம்மா வீட்டு உறைய நான் விட்டுடுவனா என்றாள். மகள் வீட்டுக்குத் தஞ்சாவூர் போகும்போதுகூட ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போய், அங்கே தோய்த்து, திரும்பக் கொண்டுவருவாளாம். அண்ணாதுரையை நம்பி விட்டுப் போனதில்லையாம், என்னைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

பிறகு என் பப்பாளிக் கதையைக் கேட்டு அவள் அடுப்படிப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பச்சையா பப்பாளியப் போட்டா பால் கசக்கும்ணே, அன்னாசியும் அப்படித்தான் என்றாள். மாம்பழத்தைச் சாறாக எடுத்து ஒரு கைச் சர்க்கரை போட்டுச் சுருளக் காய்ச்சி, நன்றாக ஆறிய பிறகு டம்ளருக்கு அடியில் ஒரு கரண்டி, அதன்மேல் விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றிய பால், மூடி வைத்துவிட்டு ஐந்து மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீங்க என்று சொல்லிக்கொடுத்தாள். உன் பொடியில் மிச்சமிருந்ததை வேறு டம்ளரில் தனியாகத் தோய்த்தோம். இரண்டும் கட்டியாக வந்தன, இரண்டும் ருசி. பாக்கெட்டுல இருக்கற நல்ல கிருமி நம்ம தயிர்ல மட்டும் இருக்காதா என்று அவள் கேட்கிறாள், பாப்பாவின் டாக்டரிடம் கேட்டு எழுது. எப்படியும் இந்தத் தடவை பாப்பாவுக்குத் தாத்தா வீட்டில் தினமும் இரண்டு டம்ளர் மாம்பழத் தயிர் உண்டு. டிக்கெட்டை மட்டும் மாற்றாதே.

கிளம்பும்போது வாசல்வரை போனவள் திரும்பி வந்து, விஜி என்னைக்கு வர்றா என்று கேட்டாள். ஆனி இருபது என்றேன். தூக்கை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டாள். வானதி, இதுவரை தனியாகப் படித்தது போதும். இப்போது அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து முதல் வரியிலிருந்து படித்துக் காட்டு. நான் புளுகியதையும் படி, திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

விஜி, உன் உறை பத்திரமாக இருக்கிறது, நான் காப்பாற்றவில்லை. பிரகதாம்பாளின் தூக்கைக் கழுவிக் கவிழ்த்து அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒரு வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். என்னால் அதில் எதை வேண்டுமானாலும் நிரப்பிக் கொடுத்துவிட முடியும், ஆனால் கொடுக்கப் போவதில்லை. நீ வந்து நிரப்பி, நீயே கொண்டுபோய்க் கொடு.

சின்னவனுக்கும் பாப்பாவுக்கும் என் முத்தங்கள். நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், எந்நேரமும் என் நினைப்பு அதுதான். குழந்தைகளை ஏ.சி.க்கு நேராகப் படுக்க வைக்காதே. வரும்போது மறக்காமல் ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்கி வா.

உன் அம்மா வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்,
அப்பா
வீரையன்