உறை போட்ட கார்

மார்ச் 3, செவ்வாய்

புதுக் கார் வீட்டுக்கு வந்து இன்னும் அதன் வாசனைகூடப் போகவில்லை. அதற்குள் கோட்டிங் போடும் கடைக்கு அனுப்பியாகிவிட்டது.

நான் கேட்டது ஒரே கேள்வி. "கம்பெனிக்காரன் பெயின்ட் அடிச்சுத்தானே குடுத்திருக்கான், அதுக்கு மேல எதுக்குங்க இன்னொரு பூச்சு?" இவர் தன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். என் கொழுந்தனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் ஏது? வீடியோ பார்த்தே டாக்டர், வக்கீல், மெக்கானிக் எல்லாம் ஆனவர். "அண்ணி, மெழுகுன்னா ரெண்டு மழைக்குத் தாங்காது. செராமிக் போட்டா வருஷக்கணக்கா கண்ணாடி மாதிரி நிக்கும்" என்றார். இவர் தலையாட்டிய வேகத்தில் கழுத்து சுளுக்கியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டுக்குச் சட்டை உண்டு. ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குத் துணி உண்டு. சோபாவின் பிளாஸ்டிக்கை வாங்கிய நாளிலிருந்து உரிக்கவில்லை. வியர்த்த முதுகோடு சாய்ந்தால், எழும்போது 'சர்ர்' என்று சத்தம் வருகிறது. இவர் ஃபர்னிச்சர் கடை மேனேஜர். கடையில் கண்டவர்களும் சோபாவில் சாய்ந்து பார்க்கிறார்கள், வீட்டில் நாங்கள் நுனியில் உட்காருகிறோம். இத்தனையும் தெரிந்தும், கார் விஷயத்தில் மட்டும் அடங்கி இருப்பார் என்று நம்பினேனே, என்னைத்தான் சொல்ல வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

இன்று ஆஸ்பத்திரி லேப் தலைமை மேடம் கூப்பிட்டார். காலை ஷிஃப்ட் பொறுப்பை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். வார்டு முழுக்க ரத்தம் எடுக்கும் பெண்கள் எல்லாரும் எனக்குக் கீழே. இத்தனை வருஷம் ஊசியும் டியூபுமாக நடந்தவளை ஒருவர் கூப்பிட்டு இப்படிக் கேட்டதே இல்லை.

"ஆனா அஞ்சு மணிக்கு நீங்க இங்க இருக்கணும். அந்நேரத்துக்கு உங்க பக்கம் பஸ் கிடையாதேம்மா" என்றார்.

"கார் வாங்கியிருக்கேன் மேடம்" என்றேன். சொல்லும்போது குரல் தானாகவே கொஞ்சம் உயர்ந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பின்னே, நாற்பத்தாறு வயதில் எதற்கு லைசென்ஸ் எடுத்தேன்? வண்டி என் பெயரில்தான் பதிவு. இவருக்கு லைசென்ஸ் கிடையாது. கல்யாணமான புதிதில் இரண்டு தடவை டெஸ்டுக்குப் போய், இரண்டு தடவையும் தம்பி பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோற்று, அதோடு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

மார்ச் 7, சனி

வந்துவிட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் போய் எடுத்து வந்தார்கள், எனக்கு டியூட்டி. பளபளப்பைக் குறை சொல்ல முடியாது, குனிந்தால் என் நரை முடிகூடத் தெரிகிறது. "ஏழு நாளைக்குத் தண்ணி படக்கூடாது. அது இறுகணும்" என்றார் இவர். சரி, ஏழு நாள்தானே.

மார்ச் 8, ஞாயிறு

வானம் கறுத்தது. இவர் குடையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் காருக்குப் பிடித்தார். மழை வரவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள்.

மார்ச் 11, புதன்

காருக்கு உறை வந்திருக்கிறது. பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள், சிமெண்டுத் தூசி பறக்கிறது, அதனால் உறை. சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல், மெல்லிய துணியால் காரைத் துடைத்துவிட்டு உறையை மாட்டுகிறார். காலையில் கழற்றி, துடைத்து, ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, மறுபடி மாட்டுகிறார். அப்போது ஒரு ராகம் வேறு முணுமுணுக்கிறார்.

மகள் கேட்கிறாள்: "அம்மா, அப்பா எனக்கு இப்படித் தலை துவட்டி விட்டிருக்காரா?"

மார்ச் 15, ஞாயிறு

ஏழு நாள் முடிந்துவிட்டதே என்று சாவி கேட்டேன். "இன்னும் ஒரு வாரம் போகட்டுமே" என்றார். எதற்கு? "நல்லா இறுகட்டும்." அது என்ன கான்கிரீட்டா?

மகள் விடவில்லை. கடைசியில் இவரும் ஏறிக்கொள்வது என்ற நிபந்தனையோடு, மார்க்கெட் வரை போய் வந்தோம். நான் ஓட்டினேன். நன்றாகவே ஓட்டினேன், யாரும் சொல்லாவிட்டாலும் நானே எழுதி வைக்கிறேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "செடி... செடி! அங்க செடி இருக்கு!" என்று கத்திக்கொண்டே வந்தார். பின்சீட்டிலிருந்து மகள், "அப்பா, மூச்சு விடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் டயர் முதல் தலை வரை துடைத்து, உறை போட்டு, அதற்குப் பிறகுதான் டீ குடித்தார்.

மார்ச் 19, வியாழன்

இன்றும் பஸ். மழை. செருப்பு அறுந்தது. வீட்டு வாசலில் கார் நனையாமல் நிற்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

இதை எழுதக்கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதத்தான் போகிறேன்.

நல்ல வெயில். காரை முழுக்கக் காட்ட வேண்டும் என்று கொழுந்தனை வரச்சொல்லியிருந்தார். உறையைக் கழற்றினார்கள். பானெட்டின் மேல், கூரையின் மேல், மெல்லிய மெல்லிய கீறல்கள், வட்டம் வட்டமாக. நிழலில் தெரியவில்லை, வெயில் பட்டதும் அத்தனையும் தெரிந்தது. இவர் முகம் செத்துவிட்டது. அதுவரை எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

திரும்பி என்னைப் பார்த்தார். "அன்னைக்கு ஓட்டினியே. அந்தச் செடியில உரசிட்டே வந்த. நான் சொன்னேன்ல?"

செடி! நான் உரசவே இல்லை. உரசியிருந்தாலும் கதவில்தானே கீறும்? "கூரை மேல எப்படிங்க கீறும்? நான் என்ன வண்டியத் தலைகீழாவா ஓட்டினேன்?" என்றேன்.

கொழுந்தன் சமாதானம் செய்கிறாராம். "விடுங்க அண்ணி, புதுசா ஓட்டுறவங்களுக்கு இதெல்லாம் சகஜம்." இந்த ஒத்து ஊதல்தான் எனக்கு ஆகவே ஆகாது. அவர் ஓட்டும் வண்டியின் பின்பக்கம் நசுங்கி எத்தனை காலம் ஆகிறது? அதை யாராவது கேட்டோமா?

இவர் உள்ளே போய் சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். என் பெயரில் இருக்கிற வண்டிச் சாவியை. என் கண் முன்னாலேயே. மகள் "அப்பா!" என்று கத்தினாள். நான் ஏன் பேசவில்லை? ஏன் அந்தப் பீரோவை அங்கேயே உடைக்கவில்லை? என்ன நெனச்சுட்டு இருக்கார் இந்த மனுஷன்? நான் என்ன சின்னப் பிள்ளையா, பொம்மைய உடைச்சிட்டேன்னு எடுத்து ஒளிச்சு வைக்க?

மார்ச் 24, செவ்வாய்

மேடம் கேட்டார். "என்னம்மா முடிவு பண்ணீங்க? இல்லன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும்." மாதக் கடைசிக்குள் சொல்கிறேன் என்று மறுபடியும் சொன்னேன். கார் இருக்கிறதே என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயந்தபடியே நின்றேன்.

வீட்டில் மூன்று நாளாகப் பேச்சு இல்லை. சாப்பாட்டுத் தட்டை 'டங்' என்று வைக்கிறேன். அவருக்கும் புரிகிறது.

மார்ச் 26, வியாழன்

அண்ணனும் தம்பியும் கோட்டிங் கடைக்காரரிடம் சண்டை போடப் போகிறார்களாம். காசு வாங்கிக்கொண்டு கீறல் விழுகிற பூச்சு போட்டுவிட்டாராம். அப்போ என் செடி என்னாச்சு? ஞாயிற்றுக்கிழமை நான் குற்றவாளி, வியாழக்கிழமை கோட்டிங்காரர். நடுவில் வழக்கு எப்படி மாறியது என்று எனக்கு யாராவது சொன்னார்களா?

"நானும் வர்றேன்" என்றேன். "நீ எதுக்கு?" என்றார். "வண்டி என் பேர்ல இருக்கு, அதுக்கு" என்றேன்.

மார்ச் 28, சனி

கொழுந்தன் ஓட்டினார். நான் பின்சீட்டில், பிளாஸ்டிக்கின் மேல்.

கோட்டிங்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கொழுந்தன் பேசிய பேச்சையெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு, கையில் ஒரு விளக்கை எடுத்து, காரின் மேல் சாய்வாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். எல்லாம் தெரிந்தது. கூரையில், பானெட்டில், கண்ணாடி முனைகளில் கொத்துக்கொத்தாகக் கீறல்கள். கதவுகளில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே!

"கவர் போடுறீங்களா சார்?" என்று கேட்டார்.

"தினமும் போடுறேன்" என்றார் இவர், பெருமையாக.

"வண்டியக் கழுவிட்டா?"

"துடைச்சிட்டு. ரெண்டு வேளையும்."

"காஞ்ச துணியாலயா?"

இவர் தம்பியின் பக்கம் திரும்பினார். கோட்டிங்காரர் விளக்கை அணைத்தார். "அன்னைக்கே சொன்னேனே சார். தூசிய காஞ்ச துணியால தேய்க்காதீங்க, தூசி மேல கவர் போடாதீங்க, காத்துல கவர் ஆடும்போது உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரிதான்னு. உங்க தம்பிதான், 'தெரியும் தெரியும், வீடியோல பார்த்துட்டேன்'னாரு. கண்ணாடி மாதிரின்னா கீறவே கீறாதுன்னு அர்த்தமில்ல. வண்டிய சும்மா ஓட்டிட்டு, வாரம் ஒருக்கா தண்ணி ஊத்திக் கழுவியிருந்தா இது ஒண்ணுமே வந்திருக்காது."

சும்மா ஓட்டியிருந்தால்! எனக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. கொழுந்தன் போனை எடுத்து அதில் எதையோ தேட ஆரம்பித்தார்.

லேசாக மெருகேற்றி மேலே மெழுகு போட்டால் பாதி மறைந்துவிடும் என்றார் கோட்டிங்காரர். இவர் உடனே "போட்டுடுங்க" என்றார். "வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்றேன் நான். கடையில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். வண்டியை உள்ளே எடுக்க வாங்கியிருந்த சாவியை என் கையில் கொடுத்தார் கோட்டிங்காரர். வீடு வரை நானே ஓட்டி வந்தேன். யாரும் செடி என்று கத்தவில்லை.

அதே நாள், இரண்டாவது தடவை எழுதுகிறேன்

வீட்டுக்கு வந்து இவர் சொன்ன முதல் வார்த்தை என்ன? "கவர் துணி சரியில்ல. வேற நல்லதா வாங்கணும்."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "லேப்ல காலை ஷிஃப்ட் பொறுப்பு குடுக்குறாங்க, எனக்கு அது வேணும். அஞ்சு மணிக்கு அங்க இருக்கணும். நாப்பத்தாறு வயசுல பச்சைப் பசங்களோட வரிசையில நின்னு லைசென்ஸ் எடுத்தேன். வண்டிய நீங்க கொஞ்சிட்டே இருக்கணும்னா வீட்டுக்குள்ள கொண்டு வந்து சோபா பக்கத்துல நிறுத்திக்குங்க. நான் நடந்தே போறேன். ஆனா நான் கீறினேன்னு சொன்னீங்களே, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்று கத்தினேன். சோபாவின் பிளாஸ்டிக்கைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். பாதி கிழிந்து கையோடு வந்தது. மகள் சமையலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் கையிலிருந்த பிளாஸ்டிக்கை இவர் வாங்கி மடித்தார். பிறகு சொன்னார்: "உனக்கு ஓட்டத் தெரியும். எனக்கு அதத் துடைக்க மட்டும்தானே தெரியும்."

சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

இதற்கு நான் என்ன செய்யட்டும்? இரக்கப்படட்டுமா? பட மாட்டேன். ஓட்டத் தெரியாதது என் குற்றமா? கற்றுக்கொள்ளக் கூடாது என்று யார் கையைப் பிடித்தார்கள்? துடைக்க மட்டுமே தெரிந்தவர் துடைத்துவிட்டுப் போகட்டும், பழியை என் தலையில் ஏன் போட்டார்? — ஆனாலும் அந்த வார்த்தை காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 30, திங்கள்

மேடத்திடம் சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் யாரையும் கேட்கவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

முதல் நாள். இருட்டோடு எழுந்து வாசலுக்கு வந்தால் உறை இல்லை. மடித்து ஒரு மூலையில் கிடந்தது. மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது, அதை மட்டும் இந்த வீட்டில் இன்னும் உறையிலிருந்து எடுக்கவில்லை. போகட்டும். கேட் திறந்து இருந்தது. திறந்தவர் போர்வைக்குள் தூங்குவது போலப் படுத்திருந்தார்.

காலியான ரோட்டில் ஓட்டினேன். சிக்னலில் நான் மட்டும். சத்தமாகச் சிரித்தேன், யாருக்குக் கேட்கப்போகிறது?

ஏப்ரல் 17, வெள்ளி

ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்ற காரின் மேல் காக்கை தன் வேலையைக் காட்டிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் இவர் பார்த்தார். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். துணியைத் தொடவில்லை.

கொழுந்தன் இந்தப் பக்கமே வருவதில்லை. நல்லது.

மே 10, ஞாயிறு

போன வாரம் இவர் என்னிடம் மெதுவாக வந்து, "டிரைவிங் ஸ்கூல் எல்லாம் வேணாம். தம்பிக்கும் தெரிய வேணாம். நீயே சொல்லித் தா" என்றார். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு நாள் காத்திருக்க விட்டேன். அந்தச் சுகத்தை ஏன் விட வேண்டும்?

இன்று காலை, சாலையில் கூட்டம் சேர்வதற்கு முன்பே கிளம்பினோம். எல் போர்டு ஸ்டிக்கர் வாங்கி வந்திருந்தார். முன்னால் பானெட்டில் ஒன்று, பின்கண்ணாடியில் ஒன்று ஒட்டினார். கேட்டைத் தாண்டுவதற்குள் முன்னால் இருந்தது வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி ஒட்டினார், மறுபடி விழுந்தது. அந்தக் கோட்டிங்கின் மேல் எதுவும் பிடிக்காதாம், கோட்டிங்காரருக்குப் போன் போட்டுக் கேட்டார்.

உள்ளே போனார். கடையில் பெட்டிகளுக்கு ஒட்டும் பட்டை டேப்பை எடுத்து வந்தார். அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, பானெட்டின் மேல் எல்லின் நாலு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார்.

"என்னங்க, பெயின்ட்டு..." என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது.

"அது கெடக்கு" என்றார். "நீ அந்தப் பக்கம் போய் உக்காரு."

போய் உட்கார்ந்தேன்.